மைனஸ் 40 டிகிரியிலும் அசராத விலங்குகள்: குளிரைச் சமாளிக்கும் 'வெப்ப பட்ஜெட்' ரகசியம்!

ஜூலை மாதம். அண்டார்டிகாவில் அது நடுக்குளிர்காலம். சூரியன் தலைகாட்டுவதே பெரிய விஷயம். வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். உறைந்த கடலின் மேல் ஓர் அப்பா நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய பாதங்களின் மேல் ஒரே ஒரு முட்டை. அது உருண்டு பனிக்கட்டியில் விழுந்தால், கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். அவர் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகிறது. இரை தேடி அம்மா கடலுக்குப் போயிருக்கிறார். எப்போது திரும்புவார் என்று தெரியாது.

அந்த அப்பா, ஓர் எம்பரர் பென்குயின்.

நம்ம கதை வேறு. ஆபீஸ் ஏசியை யாராவது 18-ல் வைத்துவிட்டாலே குரூப்பில் சண்டை ஆரம்பித்துவிடும். மார்கழிக் காலையில் பைக் ஓட்டினால் கை விறைத்துப்போகிறது. அப்படியிருக்க, ஸ்வெட்டரும் ஹீட்டரும் இல்லாத ஒரு விலங்கு மைனஸ் 40-ல் எப்படி நிற்கிறது? அதுவும் பட்டினியாக?

'அதுங்க உடம்பு அப்படி, குளிரே தெரியாது' என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் உண்மை அவ்வளவு சிம்பிள் இல்லை. குளிர்ப்பிரதேச விலங்குகள் ஒவ்வொன்றும் மிகவும் இறுக்கமான ஒரு கணக்கை நடத்துகின்றன. மாசக் கடைசியில் நாம் போடுகிற கணக்கைவிட இறுக்கம்.

முதலில் ஒரு விஷயம்: குளிர் உள்ளே வருவதில்லை!

'ஜன்னலைச் சாத்து, குளிர் உள்ளே வருது' என்று சொல்வோம். அறிவியல்படி குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம்தான் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகிறது. உடல் 37 டிகிரி, வெளியே மைனஸ் 40 என்றால், வித்தியாசம் 77 டிகிரி. அந்த வித்தியாசம் பெரிதாக ஆக, உடலிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகமும் கூடும்.

இதை நம்ம சம்பளக் கணக்கு மாதிரி யோசித்துப் பாருங்கள். சாப்பாடு என்பது வருமானம். வெளியேறும் வெப்பம் என்பது செலவு. உடலில் இருக்கும் கொழுப்பு என்பது சேமிப்பு. துருவப் பகுதியின் பெரிய சிக்கல் என்னவென்றால், குளிர்காலத்தில் செலவு உச்சத்துக்குப் போகும் அதே நேரத்தில் வருமானம் கிட்டத்தட்ட நின்றுவிடும். புல் பனிக்கு அடியில். இரை எங்கேயோ. பகல் பொழுதே இல்லை.

இந்த நிலையில் ஒரு விலங்கு என்ன செய்ய முடியும்? செலவைக் குறைக்கலாம். செலவைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். கடையையே கொஞ்ச நாள் மூடிவைக்கலாம். இல்லையென்றால் ஊரைக் காலி பண்ணலாம். இயற்கையில் இந்த எல்லா வழிகளையும் பின்பற்றும் விலங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வழி 1: செலவைக் குறை

பெரிய அண்டாவில் இருக்கும் சாம்பார் ஆறுவதற்கு நேரம் ஆகும். அதையே சின்னக் கிண்ணத்தில் ஊற்றிவைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். காரணம், கிண்ணத்தில் இருக்கும் சாம்பாரின் அளவோடு ஒப்பிட்டால், காற்றில் படும் பரப்பு அதிகம். உடலுக்கும் இதே கணக்குதான். உடல் பெரிதாக இருந்தால் வெப்பம் மெதுவாகப் போகும். ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பெர்க்மன் 1847-லேயே இதைக் கவனித்துச் சொன்னார். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகளில், குளிர்ப்பகுதியில் வாழ்பவை பெரும்பாலும் பெரிய உடலோடு இருக்கின்றன. பென்குயின்களிலேயே பெரியதான எம்பரர் அண்டார்டிகாவில் இருப்பது இதற்கு ஓர் உதாரணம்.

அதேபோல காது, வால், கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் வெப்பத்தை வீணாக்கும். ஆர்க்டிக் நரியின் காது சின்னதாக, வட்டமாக, முடிக்குள் பாதி மறைந்திருக்கும். சகாரா பாலைவனத்தில் வாழும் ஃபென்னெக் நரிக்கோ முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும் காதுகள். ஒன்றுக்கு வெப்பத்தைச் சேமிக்க வேண்டும், இன்னொன்றுக்கு வெளியேற்ற வேண்டும். சொந்தக்காரர்கள்தான், ஆனால் பிரச்னை நேரெதிர்.

அடுத்தது ரோமம். ரோமம் சூட்டை உற்பத்தி செய்வதில்லை. முடிகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஃபிளாஸ்க் சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டைக் காப்பாற்றுகிறது அல்லவா? அதே மாதிரிதான். ஆர்க்டிக் பகுதியில் வாழும் கஸ்தூரி எருதுக்கு வெளியே தரை வரை தொங்கும் நீள முடி, உள்ளே மிக மெல்லிய கம்பளி என இரண்டு அடுக்கு. 1950-ல் பெர் ஸ்கோலாண்டர், லாரன்ஸ் இர்விங் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அலாஸ்காவில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், ஆர்க்டிக் நரி மைனஸ் 40 டிகிரியில்கூட உடலின் சூடு உற்பத்தியைக் கூட்டாமலே சமாளித்தது தெரியவந்தது. நமக்கு ஆடையில்லாமல் இருந்தால், 25 டிகிரிக்குச் சற்று மேலேயே உடல் கூடுதல் எரிபொருளைச் செலவழிக்க ஆரம்பித்துவிடும்.

துருவக் கரடியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் முடி உண்மையில் வெள்ளை கிடையாது. நிறமே இல்லாத, உள்ளே வெற்றிடம் உள்ள முடி. வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் தோல் கறுப்பு. அதற்கும் கீழே 10 சென்டிமீட்டர் வரை தடிமன் உள்ள கொழுப்பு அடுக்கு. வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவில் பார்த்தால் துருவக் கரடியின் முகத்தைத் தவிர மற்ற பாகம் அவ்வளவாகத் தெரியாது. அந்த அளவுக்கு வெப்பம் வெளியே கசிவதில்லை. இதில் ஒரு சைடு எஃபெக்டும் உண்டு. கொஞ்ச தூரம் வேகமாக ஓடினாலே கரடிக்கு உடல் சூடு எகிறிவிடும். அதனால்தான் அது பெரும்பாலும் ஆற அமர நடக்கிறது.

இது உண்மையா? துருவக் கரடியின் முடி ஃபைபர் ஆப்டிக் கேபிள் மாதிரி சூரிய ஒளியைக் கடத்தித் தோலைச் சூடாக்குகிறது என்று ஒரு தகவல் நெட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது உண்மையில்லை. இயற்பியலாளர் டேனியல் கூன் 1998-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒளி அந்த முடிக்குள் கொஞ்ச தூரம்கூடத் தாங்காமல் மங்கிப்போய்விடுகிறது என்பதே முடிவு.

பனியில் நிற்கும் கால் ஏன் உறைவதில்லை?

உடம்புக்கு ரோமம் இருக்கிறது, சரி. பனிக்கட்டி மேல் நேராகப் பதியும் கால்?

இதற்கு உடலே ஒரு பிளம்பிங் வேலை செய்து வைத்திருக்கிறது. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சூடான ரத்தம். காலிலிருந்து திரும்பும் குழாயில் குளிர்ந்த ரத்தம். பென்குயின், ஆர்க்டிக் நரி, ரெயின்டீர் போன்ற விலங்குகளின் கால்களில் இந்த இரண்டு குழாய்களும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. சூடான காபி டம்ளரையும் குளிர்ந்த தண்ணீர் டம்ளரையும் ஒட்டிவைத்தால் காபி ஆறும், தண்ணீர் லேசாகச் சூடேறும். அதேபோல, காலுக்கு இறங்கும் ரத்தம் தன் வெப்பத்தை மேலே ஏறும் ரத்தத்திடம் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்த வெப்பம் பனிக்கட்டிக்குப் போகாமல் உடலுக்கே திரும்பிவிடுகிறது.

விளைவு? ரெயின்டீரின் உடல் சூடாகவே இருக்கும்போது, அதன் காலின் நுனி 10 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பென்குயினின் பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும். சூடான கால் பனியை உருக்கி, அந்தத் தண்ணீர் திரும்ப உறைந்து ஒட்டிக்கொள்ளும் சிக்கலும் இல்லை. அதாவது இவை காலைச் சூடாக வைத்திருக்க முயற்சிப்பதே இல்லை. கெட்டுப்போகாத அளவுக்கு மட்டும் வைத்திருக்கின்றன. எந்த அறைக்கு ஏசி தேவை, எந்த அறைக்குத் தேவையில்லை என்று யோசித்து கரன்ட் பில்லைக் குறைப்பது மாதிரி.

நம்ம நாட்டிலும் இந்த வித்தைக்காரர் ஒருவர் இருக்கிறார். பனிச்சிறுத்தை. பாதத்தின் அடியிலும் ரோமம், கிட்டத்தட்ட உடல் நீளத்துக்கு அடர்த்தியான வால். படுக்கும்போது அந்த வாலை மஃப்ளர் மாதிரி முகத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன. அதில் 477 லடாக்கில் மட்டும்.

பனிதான் போர்வை

சின்ன விலங்குகளுக்கு அண்டா சாம்பார் சலுகை கிடையாது. எலி சைஸில் இருக்கும் லெம்மிங் எவ்வளவு ரோமம் வளர்க்க முடியும்? அதிகம் வளர்த்தால் நடக்கவே முடியாது. அதனால் அது பனியையே போர்வையாக்கிக்கொள்கிறது.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். மேலே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும், போதுமான ஆழத்துக்குப் பனி மூடியிருந்தால் தரைமட்டத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். லெம்மிங்குகள் இந்தப் பனிக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்து, புல்லைத் தின்று, குட்டி போட்டுக் குடும்பமே நடத்துகின்றன. டார்மிகன் என்கிற பறவை இரவில் பனிக்குள் குழி தோண்டிப் படுத்துக்கொள்கிறது. எஸ்கிமோக்கள் என்று நாம் படித்த இனுயிட் மக்களின் இக்லூவுக்கும் இதே அறிவியல்தான்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் பனி மறுபடியும் வரும்.

வழி 2: செலவைப் பங்குபோடு

இப்போது அந்த அப்பாவிடம் திரும்பிப் போவோம்.

எம்பரர் பென்குயினுக்கு அடர்த்தியான இறகும் கொழுப்பும் இருக்கின்றன. ஆனாலும் தனியாக நின்றால் அது சேர்த்து வைத்த கொழுப்பு, முட்டை பொரியும்வரை தாங்காது. அதனால் ஆயிரக்கணக்கான ஆண் பென்குயின்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு சதுர மீட்டருக்குள் 10 பறவைகள் வரை. மாலை 6 மணி புறநகர் ரயிலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்தக் கூட்டத்துக்குள் வெப்பநிலை சில சமயம் 37 டிகிரி வரை போகிறது. வெளியே உயிரை எடுக்கும் குளிர், உள்ளே சென்னை வெயில்!

சரி, ஓரத்தில் நிற்பவர்களின் கதி? அங்கேதான் அழகு. ஜெர்மன் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவில் ஒரு கூட்டத்தைத் தொடர்ந்து படம்பிடித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 30 முதல் 60 வினாடிகளுக்கு ஒருமுறை பென்குயின்கள் 5 முதல் 10 சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னதாக ஓர் அடி எடுத்து வைக்கின்றன. டிராஃபிக்கில் வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது மாதிரி அந்த அசைவு அலையாகப் பரவுகிறது. யாரும் யாரையும் தள்ளுவதில்லை. ஆனால் நேரம் போகப் போகக் கூட்டத்தின் வடிவம் மாறி, ஓரத்தில் இருந்தவர் உள்ளே போகிறார், உள்ளே இருந்தவர் ஓரத்துக்கு வருகிறார். தலைவர் கிடையாது, டோக்கன் கிடையாது. எல்லோருக்கும் முறை வருகிறது.

முட்டை பொரிய சுமார் 65 நாட்கள். அதற்கு முன்பு ஜோடி சேரும் காலத்தையும் சேர்த்தால், ஆண் பென்குயின் கிட்டத்தட்ட 4 மாதங்கள் எதுவும் சாப்பிடுவதில்லை. உடல் எடையில் சுமார் 40 சதவீதம் கரைந்துவிடும். அம்மா வருவதற்கு முன்பே குஞ்சு பொரிந்துவிட்டால், பட்டினியில் இருக்கும் அதே அப்பா தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற ஒரு திரவத்தை அதற்கு ஊட்டுகிறார்.

ஆனால் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. சேமிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால், இதற்கு மேல் தாங்காது என்று உடலே சொல்லிவிடும். அம்மா அதற்குள் வரவில்லை என்றால், ஆண் பென்குயின் முட்டையையோ குஞ்சையோ விட்டுவிட்டுக் கடலை நோக்கி நடக்கத் தொடங்கும். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றால் இரண்டு உயிரும் போகும். இந்தக் கணக்கில் கடன் வாங்க முடியாது.

வழி 3: கடையை மூடு

அலாஸ்காவில் வாழும் ஆர்க்டிக் தரை அணில் இன்னொரு ரூட்டில் போகிறது. வருமானம் இல்லையா, செலவையே நிறுத்து. வருடத்தில் 7, 8 மாதங்கள் மண்ணுக்கு அடியில் வளைக்குள் உறக்கம்.

1989-ல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் பார்ன்ஸ் இந்த அணில்களின் உடல் வெப்பநிலையை அளந்தபோது, அது மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியிருந்தது. ஆம், ஒரு பாலூட்டியின் உடல், தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே! ஆனாலும் ரத்தம் உறையவில்லை. பனிப்படிகம் உருவாக ஆரம்பப்புள்ளி ஒன்று தேவை. அது கிடைக்காதவரை தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் திரவமாக இருக்க முடியும். அந்த மெல்லிய விளிம்பில்தான் அணில் தூங்குகிறது.

இதிலும் ஒரு புதிர். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்த அணில் நடுங்கி நடுங்கித் தன் உடலைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவருகிறது. ஒரு நாள்கூட முழுசாக அப்படி இருப்பதில்லை, மறுபடியும் குளிர்ந்துவிடுகிறது. சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி இந்த 'ரீஸ்டார்ட்'களுக்கே செலவாகிறது. அப்படி எழுந்து என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் தூங்குகிறது! உடல் அவ்வளவு குளிர்ந்திருக்கும்போது மூளைக்கு உண்மையான தூக்கம் கிடைப்பதில்லை, அந்தப் பாக்கியைத் தீர்க்கவே எழுகிறது என்பது விஞ்ஞானிகள் முன்வைக்கும் ஒரு விளக்கம். வேறு தரை அணில் இனங்களில் நடந்த ஆய்வுகளில், குளிர் உறக்கத்தின்போது மூளை நரம்பணுக்களின் இணைப்புகள் சுருங்கி, விழிக்கும்போது மறுபடியும் வளர்வது தெரியவந்துள்ளது. மறதி நோய் ஆய்வாளர்கள் இந்த அணில்களை ஆர்வமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

உறைந்து, மறுபடி உயிர்க்கும் தவளை

வட அமெரிக்காவின் காட்டுத் தவளை ஒன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'வுட் ஃப்ராக்' என்பது அதன் பெயர். அது உறையாமல் இருக்க முயற்சிப்பதே இல்லை. உறைந்தே போய்விடுகிறது.

குளிர்காலம் வந்ததும் காய்ந்த இலைகளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தோலில் பனி தொட்டதும் கல்லீரல் ஏராளமான குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டும். மனிதருக்கு அந்த அளவு சர்க்கரை ஏறினால் ஐசியூதான். தவளைக்கோ அந்தச் சர்க்கரைப் பாகுதான் கவசம். செல்களுக்கு வெளியே இருக்கும் தண்ணீர் உறைகிறது. செல்களுக்குள்ளே சர்க்கரை நிறைந்திருப்பதால் அவை உறைவதும் இல்லை, முழுக்க வற்றுவதும் இல்லை. உடலில் இருக்கும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை பனிக்கட்டியாகிவிடும். மூச்சு இல்லை. இதயத் துடிப்பு இல்லை. எடுத்துத் தட்டினால் கல் மாதிரி இருக்கும்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் ஸ்டோரி, ஜேனட் ஸ்டோரி தம்பதி பல ஆண்டுகள் இந்தத் தவளையை ஆராய்ந்தவர்கள். அலாஸ்காவில் நடந்த ஓர் ஆய்வில், மைனஸ் 18 டிகிரி வரை போன குளிரில், சராசரியாக ஆறு மாதங்களுக்கு மேல் உறைந்திருந்த தவளைகள் வசந்த காலத்தில் உயிரோடு எழுந்தன.

இதில் நமக்கு என்ன? தானமாகப் பெறும் இதயத்தைப் பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். சென்னையில் 'கிரீன் காரிடார்' போட்டு ஆம்புலன்ஸ் பறப்பதை நியூஸில் பார்த்திருப்பீர்கள். அந்த அவசரத்துக்குக் காரணம் இதுதான். உறுப்புகளைச் சேதமில்லாமல் உறைநிலைக்குக் கீழே வைத்திருக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள முடிந்தால் அந்த ஓட்டமே மாறிவிடும். தவளைக்குத் தெரிந்த அந்த வித்தை நமக்கு இன்னும் முழுசாகக் கைவரவில்லை.

ரத்தத்தில் கலந்த கூலன்ட்

அண்டார்டிகக் கடல்நீர் உப்புத்தண்ணீர் என்பதால் மைனஸ் 1.9 டிகிரி வரை உறையாது. ஆனால் சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே, மைனஸ் 1 டிகிரியை எட்டும் முன்பே உறைந்துவிடும். அப்படியென்றால் அங்கே மீன்களே இருக்கக் கூடாது. ஆனால் இருக்கின்றன.

1960-களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அண்டார்டிகாவின் மெக்மர்டோ பகுதியில் இதற்கு விடை தேடினார். அந்த மீன்களின் ரத்தத்தில் ஒரு வகைப் புரதம் இருந்தது. ரத்தத்தில் துளி அளவு பனிப்படிகம் உருவானாலும் இந்தப் புரதம் ஓடிப்போய் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், மேற்கொண்டு வளரவிடாது. குளிர்நாடுகளில் கார் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் திரவத்தின் வேலையைத்தான் இது வேறு விதத்தில் செய்கிறது.

அங்கேயே வாழும் ஐஸ் ஃபிஷ் இனத்துக்கு ரத்தம் சிவப்பே இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இல்லாமல் வாழும் முதுகெலும்பு விலங்கு இது. கடும் குளிர்நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருப்பதால் அதுவே போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கொஞ்சம் சூடானால் ஆக்சிஜன் குறையும். அப்போது இந்த மீன் எங்கே போகும்?

வழி 4: ஊரைக் காலி பண்ணு

எல்லோரும் இருந்து போராட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! ஆர்க்டிக் ஆலா என்ற பறவை வருடத்துக்குச் சராசரியாக 70,000 கிலோமீட்டர் பறந்து, இரண்டு துருவங்களின் கோடைக்காலத்தையும் அனுபவிக்கிறது. மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளில் கூடு கட்டும் வரித்தலை வாத்து, குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. அதில் ஒரு கூட்டம் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் வரை வந்து தங்கிவிட்டுப் போகிறது. கருவி பொருத்திக் கண்காணித்ததில், இவை 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. அடுத்த தடவை கூந்தன்குளம் போனால், குளத்தில் சாதுவாக நீந்தும் அந்த வாத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

அப்போ, குளிர் குறைந்தால் இவற்றுக்கு நல்லதுதானே?

இதுதான் முக்கியமான கேள்வி. இவ்வளவு கஷ்டப்பட்டுக் குளிரைச் சமாளிக்கின்றன. பூமி சூடாகிறது என்றால் இவற்றுக்கு வாழ்க்கை ஈஸியாகத்தானே ஆக வேண்டும்?

இல்லை. இந்த விலங்குகளின் உடலும் காலண்டரும் குளிரை நம்பியே வடிவமைந்திருக்கின்றன. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதன் விளைவுகள் இப்போதே கண்ணுக்குத் தெரிகின்றன.

பனிக்குப் பதில் மழை: பனிதான் போர்வை என்று பார்த்தோம். குளிர்காலத்தில் பனி விழ வேண்டிய நேரத்தில் மழை பெய்தால் என்ன ஆகும்? பனி நனைந்து, உறைந்து, தரைமேல் கண்ணாடி மாதிரி ஐஸாகிவிடும். பஞ்சு மாதிரி பனியைக் காலால் தோண்டி ரெயின்டீரும் கஸ்தூரி எருதும் அடியில் இருக்கும் புல்லைத் தின்னும். ஐஸை உடைக்க முடியாது. கனடாவின் பேங்க்ஸ் தீவில் 2003-ல் பெய்த இப்படியொரு மழைக்குப் பிறகு சுமார் 20,000 கஸ்தூரி எருதுகள் பட்டினியில் இறந்தன. ரஷ்யாவின் யமால் பகுதியில் 2013 நவம்பரில் இதேபோல நடந்ததில் சுமார் 61,000 வளர்ப்பு ரெயின்டீர்கள் செத்துப்போயின. மைனஸ் 40-ஐத் தாங்கும் விலங்கைக் கொன்றது குளிரில்லை, மழை.

வெள்ளைச் சட்டை, பழுப்புத் தரை: வட அமெரிக்காவின் பனிக்கால் முயல் குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும். இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது வெப்பநிலை இல்லை, பகல் பொழுதின் நீளம். அந்த காலண்டர் மாறவே மாறாது. ஆனால் பனி இப்போது தாமதமாக வருகிறது, சீக்கிரம் உருகுகிறது. பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பல்பு மாதிரி தெரியும். அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்த ஆய்வில், இப்படி நிறம் பொருந்தாத முயல்கள் அந்த வாரம் பிழைத்திருக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைவாக இருந்தது.

கரையில் காத்திருக்கும் கரடி: துருவக் கரடியின் சேமிப்பு, சீல்களின் கொழுப்பிலிருந்து வருகிறது. சீலைப் பிடிக்கக் கடல்மேல் உறைந்த பனி வேண்டும். கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் பனி இல்லாத நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. அங்கே 2016-ல் 842 என்று மதிப்பிடப்பட்ட கரடிகளின் எண்ணிக்கை, 2021 கணக்கெடுப்பில் 618 ஆகக் குறைந்தது.

அந்த அப்பாவுக்கு என்ன ஆனது?

முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவோடு தொடங்கினோம். அவர் நிற்பது நிலத்தில் இல்லை, உறைந்த கடலின் மேல். ஏப்ரல் முதல் டிசம்பர் வரையாவது அந்தப் பனித்தரை உடையாமல் இருக்க வேண்டும். அதற்குள்தான் குஞ்சுக்குப் பஞ்சு போன்ற இறகு உதிர்ந்து, தண்ணீர் புகாத இறகு முளைக்கும். அதன் பிறகுதான் நீந்த முடியும்.

2022-ல் அண்டார்டிகாவின் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் கடல்பனி வழக்கத்தைவிடச் சீக்கிரமே உடைந்தது. பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயைச் சேர்ந்த பீட்டர் ஃப்ரெட்வெல் குழுவினர் செயற்கைக்கோள் படங்களில் அங்கிருந்த ஐந்து பென்குயின் குடியிருப்புகளைக் கவனித்துவந்தார்கள். வெள்ளைப் பனியில் பழுப்பாகத் தெரியும் எச்சக் கறைதான் அடையாளம். அந்த ஐந்தில் நான்கில், குஞ்சுகள் தயாராகும் முன்பே பனித்தரை காணாமல்போனது. அந்த நான்கு இடங்களிலும் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று 2023-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

அந்த வருடமும் அப்பாக்கள் நான்கு மாதம் பட்டினி கிடந்தார்கள். ஓரத்தில் நின்றவர்களுக்கும் முறை வந்தது. அம்மாக்கள் கடலிலிருந்து திரும்பி வந்தார்கள். கணக்கில் அவர்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. காலுக்குக் கீழே இருந்த பனி மட்டும் சில வாரங்கள் முன்னதாகப் போய்விட்டது.